குடிநீர் பிளாண்ட் தருகிறார்கள், வாங்கிக்கொள்ளலாமா?

மண்டபத்துக்குப் பக்கத்து மீனவ ஊர் ஒன்றிலிருந்து, கல்லூரி முடித்த தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: "வெளிநாட்டுத் தாய் நிறுவனம் கொண்ட ஒரு கம்பெனி எங்கள் பக்கம் கடற்பாசி பதப்படுத்தும் ஆலை போட இடம் பார்க்கிறது. ஊருக்கு ஆர்.ஓ. பிளாண்ட், பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வகுப்பறை, ஒரு சமுதாயக்கூடம் செய்து தருகிறோம் என்கிறார்கள். சமூகப் பொறுப்பு நிதியாம். வருவதை ஏன் தடுக்க வேண்டும் என்று ஊரில் பாதிப் பேர், வாங்கினால் நாளைக்கு வாய் திறக்க முடியாது என்று மீதிப் பேர். சட்டப்படி அவர்கள் எங்களுக்கு என்ன செய்யக் கடமைப்பட்டவர்கள்? என் அம்மா தீவுக்குப் பாசி எடுக்கப் போகிறவர். அவருக்கு இதில் என்ன இடம்?"

முதலில் நேரடியான பதில். வாங்கிக்கொள்ளலாம், ஆனால் ஆலையைப் பற்றிப் பேசுகிற கூட்டத்தில் பிளாண்டைப் பற்றிப் பேசாதீர்கள். இரண்டும் வேறு வேறு கணக்கு. ஒரே மேசையில் வைத்தால், ஒரு குடம் தண்ணீருக்குக் காசு கொடுத்துப் பழகிய ஊர் எதற்கும் தலையாட்டிவிடும். இருபது வருடத்துக்கு மேல் இந்தக் கரையில் பெண்கள் சங்கங்களோடு வேலை செய்திருக்கிறேன். அப்படித் தலையாட்டிய ஊர்களையும் பார்த்திருக்கிறேன், அதற்குப் பிறகு அங்கே நடந்ததையும் பார்த்திருக்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டீர்கள். கம்பெனிகள் சட்டம் 2013-ன் பிரிவு 135-தான் இதற்கு அடிப்படை. 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்டுவிட்டால், கடந்த மூன்று வருடச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும். இந்தியாவில் கிளையோ திட்ட அலுவலகமோ வைத்திருக்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கும் இது பொருந்தும். 2021-ல் விதிகளை இறுக்கினார்கள். செலவாகாத பணத்தைக் கம்பெனி தன்னிடமே வைத்துக்கொள்ள முடியாது. நடந்துகொண்டிருக்கும் திட்டத்துக்கு உரியது என்றால் தனிக் கணக்குக்கும், இல்லையென்றால் அரசு குறிப்பிட்ட நிதிக்கும் போக வேண்டும். தவறினால் அபராதம் உண்டு.

இது கேட்க நன்றாக இருக்கிறது. உங்கள் ஊருக்கு இதில் எவ்வளவு வரும் என்பதுதான் விஷயம். உங்களிடம் வந்து பேசுகிறவர்கள் ஒரு புதிய கம்பெனியின் பெயரில் வந்திருந்தால், அந்தப் பெயரில் இன்னும் லாபமே வந்திருக்காது. லாபம் இல்லாத இடத்தில் 2 சதவீதம் என்பது பூஜ்யம். அப்படியானால் அவர்கள் தருவதாகச் சொல்லும் பிளாண்ட் சட்டக் கடமையில் வருவதில்லை, அவர்களாக விரும்பித் தருவது. பாதியில் நிறுத்தினால் பிரிவு 135-ஐக் காட்டிக் கேட்க முடியாது. எந்தக் கம்பெனியின் கணக்கிலிருந்து இந்தப் பணம் வருகிறது, அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையில் இந்தத் திட்டம் ஏறுமா என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். பெரும்பாலும் வந்தவர்களுக்கே பதில் தெரியாது. கேட்டுச் சொல்கிறோம் என்பார்கள். எழுத்தில் சொல்லுங்கள் என்று விடாமல் நில்லுங்கள்.

கம்பெனி தொழில் செய்யும் உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி உண்டு. அது கட்டாயம் இல்லை, வழிகாட்டுதல் மட்டுமே என்று மத்திய கம்பெனி விவகார அமைச்சகமே விளக்கம் கொடுத்திருக்கிறது. நம் மாவட்டத்துக்கு இந்த வரியால் பெரிய பலனும் இல்லை. தலைமையகங்களும் பெரிய ஆலைகளும் உள்ள இடங்களைச் சுற்றித்தான் இந்தப் பணம் சுழல்கிறது. 2018-ல் மத்திய அரசு, முன்னேற வேண்டிய மாவட்டங்கள் என்று 112 மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இரண்டே இரண்டு, விருதுநகரும் ராமநாதபுரமும். தேவை அதிகம் என்று அரசே ஒத்துக்கொண்ட மாவட்டத்தில் கொடுக்கிற கை குறைவு. அதனால்தான் ஒரு கம்பெனி வந்து வகுப்பறை என்று சொன்னதும் ஊர் உருகிவிடுகிறது. அதில் தப்பு சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு உறுத்துவது வேறொன்று. நம் பக்கத்து வியாபாரிகளிடம் மகமை என்று ஒரு பழக்கம் இருந்தது, சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. விற்பனையில் ஒரு பங்கைப் பொதுவுக்கு எடுத்து வைப்பார்கள். பள்ளிக்கூடங்கள், சத்திரங்கள், கிணறுகள் அந்தப் பணத்தில் எழுந்திருக்கின்றன. மகமையை எதற்குச் செலவு செய்வது என்று கொடுத்தவர்கள் எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். கணக்கும் அந்தக் கூட்டத்திலேயே வாசிக்கப்படும். இந்த 2 சதவீதத்தில் ஊருக்கு அந்த இடம் இல்லை. எந்த ஊர், என்ன வேலை, யார் மூலம் என்பதெல்லாம் கம்பெனியின் இயக்குநர் குழு முடிவு. ஊரைக் கலந்து பேச வேண்டும் என்று சட்டம் எங்கும் கட்டாயப்படுத்தவில்லை. தண்ணீர் வேண்டுமா, படகுத்துறைக்கு விளக்கு வேண்டுமா, கருவாடு காய வைக்கத் தளம் வேண்டுமா என்று ஊரைக் கேட்காமலே எங்கோ ஒரு நகரத்தில் முடிவாகிவிடுகிறது.

ஆர்.ஓ. பிளாண்ட் பற்றி நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மன்னார் வளைகுடாக் கரையில் ஓர் ஊர். பெரிய கம்பெனி ஒன்று பிளாண்ட் போட்டது. ரிப்பன் வெட்டினார்கள், பலகை வைத்தார்கள், முதல் குடத்தைப் பிடித்த பாட்டி அழுதே விட்டார். நானும் அங்கே நின்று கைதட்டினேன். அந்த ஊர் நிலத்தடி நீரில் உப்பு மிக அதிகம். மெஷினில் உப்பை வடிகட்டும் சவ்வு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், அடிக்கடி மாற்ற வேண்டும். பதினான்காவது மாதம் மெஷின் நின்றது. கம்பெனியைக் கேட்டால் திட்டக் காலம் முடிந்துவிட்டது என்றார்கள். பஞ்சாயத்தைக் கேட்டால் எங்கள் சொத்துப் பதிவேட்டில் இல்லை என்றார்கள். நடத்திக்கொடுத்த தொண்டு நிறுவனம் வேறு மாவட்டத்துக்குப் போயிருந்தது. ஊர்ப் பெண்கள் மறுபடி தண்ணீர் வண்டிக்குக் காத்து நின்றார்கள். அதைவிடக் கொடுமை, பிளாண்ட் ஓடிய பதினான்கு மாதமும் அது கழித்துவிட்ட உப்புத் தண்ணீரைப் பக்கத்து ஊருணியில் விட்டிருக்கிறார்கள். ஆடு மாடு குடித்துக்கொண்டிருந்த ஊருணி அது. ஊருக்கு ஒரு தண்ணீர் கிடைத்து, இருந்த இன்னொரு தண்ணீர் போனது. அந்த வருடத்து அறிக்கையில் பயனாளிகள் எண்ணிக்கை மட்டும் பத்திரமாக இருக்கும்.

இந்த இடத்தில் 2021 விதித் திருத்தம் உங்களுக்கு உதவும். சமூகப் பொறுப்பு நிதியில் உருவாகும் சொத்தைக் கம்பெனி தன் பெயரில் வைத்துக்கொள்ளக் கூடாது. பதிவு பெற்ற அறக்கட்டளை போன்ற அமைப்போ, பயனாளிகளின் சுய உதவிக் குழுவோ, அரசு அமைப்போதான் வைத்திருக்க வேண்டும். ஆக, பிளாண்ட் யார் பெயரில் இருக்கும், சவ்வு மாற்றும் செலவு எத்தனை வருடத்துக்கு யாருடையது, கழிவு நீர் எங்கே போகும் என்ற மூன்றையும் வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்குங்கள். பஞ்சாயத்துத் தீர்மானத்தில் ஏற்றுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் பிளாண்டை வேண்டாம் என்று சொல்லவும் தயங்காதீர்கள்.

சரி, நன்கொடைக் கணக்கு இவ்வளவுதான். இனி ஆலைக்கு வருவோம். ஒரு கம்பெனியின் உண்மையான பொறுப்பு அந்த 2 சதவீதத்தில் இல்லை, மீதி 98-ஐ அது எப்படிச் சம்பாதிக்கிறது என்பதில் இருக்கிறது. என்ன விலைக்கு வாங்குகிறது, கடலில் எதை விடுகிறது, யாருடைய கரையை வேலி போடுகிறது, கிளம்பிப் போகும்போது எதை விட்டுவிட்டுப் போகிறது. இதற்கு நாம் வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. உங்கள் ஊரிலேயே பெரியவர்கள் 'பெப்சி பாசி' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

அந்தப் பாசியின் பெயர் கப்பாஃபைகஸ் அல்வரேசி. பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பாசி. பவநகரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் 1980-களில் இதை இந்தியாவுக்குக் கொண்டுவந்து, பிறகு மண்டபத்தில் உள்ள தன் நிலையத்தில் வளர்த்துப் பார்த்தது. 2000-ஐ ஒட்டிய வருடங்களில் பெப்சிகோ அந்தத் தொழில்நுட்பத்தை வாங்கி நம் கரையில் இறங்கியது. மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் மூங்கில் மிதவை, அதில் கயிறு, கயிற்றில் துண்டு துண்டாகக் கட்டிய பாசி. 45 நாளில் அறுவடை. காய வைத்துக் கொடுத்தால் கம்பெனி எடுத்துக்கொள்ளும். அதிலிருந்து எடுக்கும் காராஜீனன் என்ற பசை ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும் போகிறது.

நல்லதை நல்லது என்றே சொல்ல வேண்டும். வெளியிலிருந்து வந்த ஒரு பெரிய கம்பெனி இந்தக் கரைப் பெண்களுக்குச் செய்ததில் இதைவிடப் பெரிதாக எதையும் நான் பார்க்கவில்லை. சுய உதவிக் குழு, வங்கிக் கடன், அரசு மானியம், நிச்சயமாக வாங்கிக்கொள்ளும் ஆள், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. கணவன் கடலுக்குப் போனாலும் போகாவிட்டாலும் தன் கையில் தன் பணம் என்று முதல் தடவையாகச் சொன்ன பெண்கள் பலர் எனக்குத் தெரியும். அந்தப் பணத்தில் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். கேள்வி கேட்ட நீங்களே அப்படி ஒருவராக இருக்கலாம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. இந்தப் பாசி வளர விதை தேவையில்லை, ஒடிந்த ஒரு துண்டு போதும். அயல் பாசி தேசியப் பூங்காவின் பவளப் பாருக்கு, அதாவது பவளப்பாறைத் திட்டுக்கு, பக்கத்தில் வேண்டாம் என்ற கவலை ஆரம்பத்திலிருந்தே இருந்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-லேயே கடல்சார் தேசியப் பூங்கா ஆனவை, 1989-ல் அது உயிர்க்கோளக் காப்பகமாகவும் ஆனது. 2005 டிசம்பரில் தமிழக அரசு ஓர் ஆணை போட்டு, பாக் விரிகுடாவுக்கு வடக்கிலும் தூத்துக்குடிக் கரைக்குத் தெற்கிலும் மட்டும்தான் இதை வளர்க்கலாம் என்று வரையறுத்தது. 2008-ல் குருசடைத் தீவின் பவளத்தின் மேல் இந்தப் பாசி படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் அறிவியல் இதழில் பதிவு செய்தார்கள். பிறகு சிங்கில் தீவுப் பக்கமும் கண்டார்கள். பாய் விரித்த மாதிரி மேலே படர்ந்து வெளிச்சத்தை மறைத்துவிடும், அடியில் பவளம் செத்துப்போகும். பார் செத்தால் அதை நம்பி வரும் மீனும் போய்விடும்.

அதே 2008-ல் பெப்சிகோ இந்தத் தொழிலை அக்வாஅக்ரி என்ற இந்திய நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு வெளியேறியது. சட்டப்படி அதில் ஒரு குறையும் இல்லை. வியாபாரத்தை ஒருவர் விற்பார், இன்னொருவர் வாங்குவார். ஆனால் பவளத்தின் மேல் படர்ந்த பாசியை எந்த விற்பனையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. அதைக் கையால் பிடுங்கி எடுக்கும் வேலை வனத்துறையின் தலையில் விழுந்தது. பிடுங்கும்போது ஒரு துண்டு தவறினாலும் மறுபடி வளரும். பிறகு 2013-ஐ ஒட்டி மிதவைகளில் இருந்த பாசியே பெரிய அளவில் அழுகிச் செத்தது. எல்லாம் சில தாய்ப்பாசிகளிலிருந்து ஒடித்து ஒடித்துக் கட்டிய துண்டுகள், ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வந்தது. மிதவைக் கடன் பெண்களின் குழுப் பெயரில் இருந்தது. பாசி போனாலும் தவணை போகாது.

இதில் ஒருவரை மட்டும் குற்றவாளியாக்கிப் பேசுவது சரியில்லை. பாசியைக் கொண்டுவந்தது அரசு நிறுவனம், மானியம் கொடுத்தது அரசு, விரும்பிக் கட்டியவர்கள் நம் பெண்கள். நான் சொல்ல வருவது, கம்பெனி வந்த நாளில் யாருமே கேட்காத கேள்வி ஒன்று இருந்தது என்பது. நீங்கள் போகும் நாளில் கடல் எப்படி இருக்க வேண்டும், அப்படி இல்லாவிட்டால் சரிசெய்யும் செலவு யாருடையது? வாங்கும் விலைக்குப் பேச்சு இருந்தது, கடனுக்குத் தவணை இருந்தது, இதற்கு ஒன்றும் இல்லை. 2023 செப்டம்பரில் தொண்டிப் பக்கம் வளமாவூரில் சுமார் 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். இன்னும் பல கம்பெனிகள் இந்தப் பக்கம் வரும். உங்கள் ஊருக்கு வந்திருப்பதும் அந்த அலையில் ஒன்றாகத்தான் எனக்குப் படுகிறது. இந்தத் தடவையாவது அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டுவிடுவோம்.

கேட்க நமக்குச் சட்டத்தில் வலு இருக்கிறதா என்றால், இருக்கிறது, அதுவும் நம் மண்ணின் ஆள் ஒருவர் வாங்கித் தந்தது. 1990-களில் நாகப்பட்டினத்திலிருந்து நம் கரை வரை இறால் பண்ணைகள் பெருகின. ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் இறால் போனது, இங்கே வயலும் கிணறும் உப்பாயின. பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்த சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996 டிசம்பர் 11 அன்று வந்த தீர்ப்பு, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை இடிக்கச் சொன்னது. கெடுத்தவரே சரிசெய்யும் செலவையும் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீட்டையும் தர வேண்டும் என்ற கொள்கையை இந்தக் கடற்கரைக்குப் பொருத்தியது. அதன் பிறகு அரசு சட்டம் மாற்றிப் பண்ணைகளுக்கு வழி விட்டது உண்மைதான், 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. ஆனாலும் அந்தக் கொள்கை சாகவில்லை. இன்றைக்கும் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான பசுமைத் தீர்ப்பாயத்தில் அதைச் சொல்லித்தான் வழக்கு நடக்கிறது.

நலத்திட்டம் நிறையச் செய்தால் மற்றது மறந்துபோகும் என்று நினைக்கிற கம்பெனிகளும் உண்டு. தூத்துக்குடி நமக்குத் தூரமில்லை, அதே வளைகுடாதான். வேதாந்தாவின் ஸ்டெர்லைட் ஆலை சுற்றுப்புற ஊர்களில் தண்ணீர், படிப்பு, பெண்கள் குழு என்று பல திட்டங்கள் நடத்தியது. காற்றையும் தண்ணீரையும் பற்றி மக்கள் கேட்டதற்கு அது பதிலாகவில்லை. 2018 மே 22, 23-ல் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். 2024 பிப்ரவரியில் ஆலையைத் திறக்கக் கேட்ட மனுவை உச்ச நீதிமன்றமும் தள்ளியது. கொடைக்கானலில் யூனிலிவரின் இந்திய நிறுவனம் நடத்திய தெர்மாமீட்டர் ஆலை பாதரசக் கழிவுப் பிரச்சினையில் 2001-ல் மூடப்பட்டது. அங்கே வேலை செய்த 591 பேருக்கு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016-ல். பதினைந்து வருடம். அதற்குள் எத்தனை பேர் உடம்பு தாங்கியது, எத்தனை பேருடையது தாங்கவில்லை என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

அடுத்து, உங்கள் அம்மா. எனக்கு இந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் விட முக்கியம்.

ஒரு திட்டம் வரும்போது பாதிக்கப்படுவோர் பட்டியல் என்று ஒன்று தயாரிப்பார்கள். அதில் பட்டா வைத்திருப்பவர் பெயர் வரும், வீடு வைத்திருப்பவர் பெயர் வரும். உங்கள் அம்மாவுக்குக் கரையில் பட்டா இல்லை. கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, நீந்தத் துடுப்பு மாதிரிக் காலில் தட்டுக் கட்டி, தீவு ஓரத்தில் மூச்சடக்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுக்கிறவருக்கு அந்தக் கடல் எந்தக் காகிதத்திலும் சொந்தமில்லை. தேசியப் பூங்கா ஆனதிலிருந்து அவர் அங்கே போவதே குற்றம் என்ற நிலை. பாசி காய வைக்கும் மணல், வலை பிரிக்கும் இடம், படகு இழுத்து வைக்கும் இடம் எல்லாம் புறம்போக்கு. கம்பெனியின் வரைபடத்தில் அது காலி இடம். வேலி போட்டால் நஷ்டம் யாருக்கும் இல்லை என்று எழுதிவிடுவார்கள், நஷ்டப்படுகிறவர் பெயர் எங்கும் இல்லாததால்.

ஆனால் அதே பெண்கள்தான் இந்தக் கடலை யாரும் சொல்லாமலே காப்பாற்றியவர்கள். மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது, அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். வேரோடு பிடுங்கக் கூடாது, கையால் கிள்ளித்தான் எடுக்க வேண்டும் என்பதும் அவர்கள் வைத்த விதி. பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி அந்தப் பெண்களின் சார்பில் 2015-ல் அமெரிக்கா போய், தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது வாங்கி வந்தார். உலகம் விருது கொடுத்த அறிவு அது. ஆலை போட வருகிறவர்கள் ஆலோசகரை வைத்துக் கடலடி ஆய்வு நடத்துவார்கள். அந்த ஆய்வில் உங்கள் அம்மா மாதிரிப் பத்துப் பெண்களைச் சம்பளத்தோடு சேர்க்கச் சொல்லுங்கள். எந்தப் பாரில் எப்போது எந்தப் பாசி முளைக்கும் என்று மூன்று நாள் முங்கிப் பார்த்தவருக்கு முப்பது வருடம் முங்கியவர் சொல்லித்தர நிறைய இருக்கிறது.

இதற்காக நீங்கள் இப்போதே செய்யக்கூடியது, உங்கள் ஊர்க் கரையை நீங்களே வரைந்துவிடுவது. எந்த மாதம், யார், எந்த இடத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்று. வாடைக் காற்றில் படகு எந்தக் கடலில் நிற்கும், கச்சான் காற்றில் எங்கே மாறும், பாசி எங்கே காயும், கரைவலை எங்கே இழுப்பார்கள். அதைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக்குங்கள். தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மான நகல் கையில் இருந்தால் 'காலி இடம்' என்று எழுதுவது கஷ்டம்.

சுற்றுச்சூழல் அனுமதிக்குப் பொது விசாரணை தேவைப்படும் வகையில் இந்த ஆலை வருகிறதா என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். வந்தால், 30 நாள் முன்னறிவிப்பும் தமிழில் அறிக்கைச் சுருக்கமும் உங்கள் உரிமை. பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2020 செப்டம்பர் 30 உத்தரவுப்படி, பொது விசாரணையில் மக்கள் எழுப்பும் பிரச்சினைகளுக்குக் கம்பெனி கொடுக்கும் வாக்குறுதிகள் சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டத்தில் சேர வேண்டும். அப்படிச் சேர்ந்தால் அது அனுமதியின் நிபந்தனை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை நிறைவேற்றியதற்குக் கம்பெனி அறிக்கை கொடுக்க வேண்டும். சாயங்காலம் டீக்கடையில் மேனேஜர் கொடுக்கும் வாக்குக்கு இந்தப் பலம் கிடையாது. ஆகவே கேட்பதை எல்லாம் அந்த விசாரணையில், மைக்கில், பதிவாகும்படி கேளுங்கள். அனுமதி தவறாகக் கொடுக்கப்பட்டதாகப் பட்டால் சென்னையில் உள்ள தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை தருவார்கள், அதற்கு மேல் கதவு அடைத்துவிடும். பொது விசாரணை தேவையில்லை என்று வந்தால் கிராம சபைத் தீர்மானமும் எழுத்து ஒப்பந்தமும்தான் நமக்குக் கை.

ஒப்பந்தத்தில் யார் கையெழுத்துப் போடுகிறார் என்று பாருங்கள். போபாலில் 1984-ல் நடந்த விஷவாயுக் கசிவுக்கு அமெரிக்கத் தாய் நிறுவனம் யூனியன் கார்பைடு, அது இந்திய நிறுவனத்தின் பொறுப்பு என்றே வாதாடியது. கடைசியில் 1989-ல் 47 கோடி டாலரில் கணக்கை முடித்துக்கொண்டது. தாய் நிறுவனத்தின் உறுதிமொழிக் கடிதம் ஒன்றாவது வேண்டும் என்று கேளுங்கள்.

தாய் நிறுவனம் எந்த நாட்டுக்காரர்களுடையது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தொழில் நிறுவனங்களும் மனித உரிமைகளும் பற்றி 2011-ல் ஐ.நா. ஏற்ற வழிகாட்டு நெறிகள், கம்பெனி தான் நேரடியாகச் செய்வதற்கு மட்டுமல்ல, அதற்குப் பொருள் தருகிறவர்கள் செய்வதற்கும் கவனம் செலுத்த வேண்டும் என்கின்றன. அது சட்டமாகக் கட்டாது. ஆனால் பிரான்ஸ் 2017-லும் ஜெர்மனி 2023 முதலும் இதைத் தங்கள் நாட்டுப் பெரிய நிறுவனங்களுக்குச் சட்டமாக்கின. பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி.யின் நெறிமுறைகளில் கையெழுத்திட்ட ஒவ்வொரு நாட்டிலும் புகார் வாங்க ஓர் அலுவலகம் உண்டு. இந்தியா அதில் இல்லை, ஆனால் தாய் நாடு இருந்தால் இங்கிருந்தே அங்கே புகார் கொடுக்கலாம். ஒடிசாக் கரையில் கொரியாவின் போஸ்கோ இரும்பாலைக்காக வெற்றிலைக் கொடிக்கால்களை இழக்கவிருந்த மக்கள் சார்பில் 2012-ல் அப்படித்தான் கொரியா, நார்வே, நெதர்லாந்து மூன்று நாட்டிலும் புகார் போனது. போஸ்கோவில் பங்கு வைத்திருந்த நார்வே அரசு ஓய்வூதிய நிதியின் நிர்வாகத்தையே அந்நாட்டு அலுவலகம் குறை சொன்னது. போஸ்கோ 2017-ல் ஒடிசாவை விட்டுப் போனது. புகார் மட்டுமே அதற்குக் காரணமில்லை, கரையில் வருடக்கணக்காக உட்கார்ந்த மக்கள்தான் முதல் காரணம். நம் நீலக்கால் நண்டு வாங்குகிற அமெரிக்க நிறுவனத்துக்கும் இந்த நெறிகள் பொருந்தும். இங்கே ஓர் அலுவலகம்கூட இல்லாமல், நண்டுச் சதை பிரிக்கிற நம் பெண்களின் கூலியை அவர்கள் கொடுக்கும் விலை தீர்மானிக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு ஆலையே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். நம் பிள்ளைகள் வேலைக்காக வளைகுடா நாடுகளுக்குப் போகிற கரை இது. பாசிக்கு இங்கேயே ஆலை வந்து நல்ல விலை கிடைத்தால் எனக்குச் சந்தோஷம். விலையைக் குழுவோடு உட்கார்ந்து பேசட்டும். பாசி செத்த வருடத்தில் கடன் தவணையைக் கம்பெனியும் பங்குபோடட்டும். போகும் நாளில் கடலைச் சுத்தம் செய்யும் செலவுக்கு இப்போதே வங்கியில் ஒரு தொகையை, கலெக்டர் பெயரையும் சேர்த்து, போட்டு வைக்கட்டும். இவற்றுக்குச் சம்மதிக்கிற கம்பெனி பிளாண்ட் தராவிட்டாலும் பரவாயில்லை.

கடைசியாக, கூட்டம் எப்போது என்பது. உங்கள் ஊரில் அடுத்த ஊர்க் கூட்டத்துக்குத் தேதி வைக்கும்போது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களைத் தவிருங்கள். அன்றைக்குப் பாசிக்காரப் பெண்கள் விடியும் முன்பே வத்தை என்ற சிறு படகில் ஏறிவிடுவார்கள், திரும்பும்போது உட்காரவும் தெம்பு இருக்காது. அட்டமியை ஒட்டிச் சாயங்காலம் வையுங்கள். கம்பெனிக்காரர்களுக்கு அந்தத் தேதி ஒத்துவரவில்லை என்றால் அடுத்த அட்டமிக்கு வரச் சொல்லுங்கள்.